வேன்காரம்மா வீட்டில் காயாத துணி

வேன்காரம்மாவுக்கு அந்தப் பேர் வேன் வாங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. பழைய வேன் ஒன்று விலைக்கு வருகிறது, அதை வாங்கிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றப் போகிறேன் என்று அவள் வாயைத் திறந்து சொன்ன அன்றைக்கே தெருக்காரர்கள் கேலிக்கு வைத்த பேர் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேன் வந்ததும் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் அதையே எழுதி ஒட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அந்த வேனில்தான் போகிறார்கள், அதுவும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு.

முடியாது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் காது மந்தமாகிவிடும். கடவுள் பக்தி நிறைய உண்டு. ஆனால் கும்பிடுகிறபோதும் அவள் கெஞ்சுகிற ஆள் இல்லை. காலையில் வேனில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி, பிள்ளைகளை நீ பார்த்துக்கொள், ஸ்டியரிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாள்.

அவள் புருஷன் தையல்காரர். தெருவில் எல்லாருக்கும் மாஸ்டர். அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிடலாம், அவ்வளவு சிக்கனம். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. தெருப்பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னலடியில் துணி வெட்டுகிற நீள மேசை, மூலையில் தையல் மெஷின். அதற்கு அடுத்தது சமையலறை. சமையலறையை ஒட்டிக் குளியலறை. அதற்கும் பின்னால் ஆள் ஒருவர் தாராளமாகப் போகலாம் என்கிற அகலத்தில் ஒரு நடை, நடையின் கடைசியில் பின்னறை. அந்த நடையில்தான் துணி துவைக்கிற மெஷினும், துணி காயவைக்கிற டிரையரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அந்த வீட்டுக்கு டிரையர் ஆடம்பரம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அது மாஸ்டர் தொழிலுக்காக வாங்கியது. புதுத்துணியை அப்படியே கத்தரிக்கோலுக்குக் கொடுக்க மாட்டார் அவர். நனைத்து, சூட்டில் காயவைத்து, எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவும் சுருங்கி முடித்த பிறகுதான் அளவெடுப்பார். மாஸ்டர் தைத்த சட்டை முதல் துவைப்பில் முழங்கைக்கு ஏறாது என்று அதனால்தான் பேர். டிரையரின் பின்புறத்திலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளித்தாள் குழாய் கிளம்பிச் சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பக்கத்துச் சந்துக்குப் போகும். உள்ளே இருக்கிற சூடும் ஈரமும் அந்த வழியாக வெளியேறும். சந்துப் பக்கம் ஓட்டையின் வாயில் ஒரு சின்ன மூடி, காற்று வரும்போது தானாகத் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும்.

மாஸ்டருக்கு முதல் தடவை பக்கவாதம் வந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். கம்பு ஊன்றிக்கொண்டு குளியலறைக்குப் போய்வருவார். அப்போதே அவரைப் பின்னறைக்கு மாற்றியாயிற்று. நாலு பேர் வந்து போகிற முன்னறையில் நோயாளியைப் போட்டுவைப்பது நன்றாயிராது என்று அவருடைய அக்கா சொன்னாள். அவரும் தலையாட்டினார். தன்னிடம் அளவு கொடுத்தவர்கள் தன் கோணல் நடையைப் பார்க்கக் கூடாது என்று அவருக்கு. இரண்டாவது தடவை வந்தது மோசமாகத் தாக்கிவிட்டது. வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது, கம்பு போய்ச் சக்கர நாற்காலி வந்தது. பேச்சில் மிஞ்சியது இரண்டு மூன்று வார்த்தைகள். தண்ணி, வேணாம், ஈரம்.

இந்த மூன்றாவது வார்த்தைதான் வேன்காரம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு விரிப்பு எத்தனை இருந்தாலும் போதாது. மாற்றின கை காய்வதற்குள் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வெளியே கொடி கட்டலாமென்றால் மாதக்கணக்கில் விட்டு விட்டுத் தூறல். சந்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. டிரையர் ஒன்றை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அந்த டிரையர்தான் இப்போது கை விரித்தது. ஓடும், சுற்றும், சத்தம் போடும், முடிந்தது என்று மணியும் அடிக்கும். எடுத்துத் தொட்டால் கதகதவென்றிருக்கும். காய்ந்துவிட்டது என்று விரிப்பாள். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் இடது உள்ளங்கையால் விரிப்பைத் தடவிப் பார்த்து, ஈரம் என்பார். இல்லைங்க, சூடா இருக்கு பாருங்க என்பாள் அவள். சூடாக இருக்கிற துணி ஆளை ஏமாற்றும். ஆறிய பிறகுதான் அதன் குணம் தெரியும். தடவிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆயுசு முழுக்கத் துணியைத் தொட்டே வாழ்ந்த கை.

வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸம்மா ஒருநாள் அவரைப் புரட்டிவிட்டு, இடுப்புக்குக் கீழே சிவந்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஈரத்தில் கிடக்கிற தோல் ஊறிப்போகும், ஊறினது வெடிக்கும், வெடித்தால் புண் எலும்பு வரைக்கும் போகும் என்றார். தோல் திறந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்க நான் சம்மதிக்க முடியாதம்மா, எங்கேயாவது சேர்க்கத்தான் சொல்வேன் என்று பக்குவமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு மாஸ்டரின் அக்கா காதுக்குப் போனது. இவள் கெட்டவள் இல்லை. தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் உடம்பில் எறும்பு ஊர்ந்தாலும் இவளுக்குத்தான் அரிக்கும். முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றைத் தேடிப் பிடித்து, போய்ப் பார்த்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து, ஓர் இடமும் சொல்லிவைத்துவிட்டு வந்தாள். மாத முடிவில் கார் கொண்டுவந்து அழைத்துப் போகிறேன் என்றாள். வேன்காரம்மாவைக் கேட்கவில்லை, சொன்னாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள். பேச்சு இல்லாத மனுஷரை அவர் ஜாடை தெரியாத இடத்தில் கொண்டுபோய் விட்டால், அவர் ஈரம் என்று சொல்வதை யார் நின்று கேட்பார்கள்? அவர் கண்ணைச் சுருக்கினால் வெளிச்சம் கூசுகிறது, உதட்டைச் சுழித்தால் தலையணை சரியில்லை. இதையெல்லாம் எந்த நர்ஸுக்கு எழுதிக் கொடுப்பது? வேன்காரம்மா நடையில் போய் நின்று டிரையரை முறைத்தாள். உன்னால்தான் என் புருஷனைக் கொண்டுபோகப் போகிறார்களா, அதையும் பார்த்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் பஞ்சு வலை. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சைப் பிடித்துவைக்கிற வலை அது. ஒவ்வொரு தடவையும் வழித்து எடுக்கிறவள்தான். ஆனாலும் உருவித் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் வலையில் இறங்காமல் கண்ணாடிமேல் நிற்கிற மாதிரி நின்றது. துணிக்கு வாசனைக்காகப் போடுகிற திரவம் வலையில் ஆடை கட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். தண்ணீர் சடசடவென்று இறங்கியது. வாசனைத் திரவத்தை எடுத்துக் குப்பையில் போட்டாள். உள்ளே உருளையின் வாயருகில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். துணி ஈரமா காய்ந்துவிட்டதா என்று மெஷினுக்குச் சொல்கிற நாக்கு அதுதான். அதிலும் இதே பிசுக்கு. வினிகர் தொட்டுத் துடைத்தாள். ஒரே நேரத்தில் திணிப்பதை விட்டாள். பெரிய விரிப்பு சுற்றும்போது மூட்டையாகிச் சின்னத் துணிகளை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும், வெளியே காய்ந்து உள்ளே சொதசொதவென்றிருக்கும். அதனால் ஒவ்வொரு விரிப்பாகப் போட்டாள். துவைக்கிற மெஷின் சரியாகப் பிழிகிறதா என்றும் பார்த்தாள், பிழிந்துதான் கொடுத்தது.

கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. மத்தியானம் மாஸ்டரின் உள்ளங்கை விரிப்பைத் தடவியது. ஈரம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். பருத்த ஆள், முழங்கால் வலிக்காரர். குனிகிறதுக்கு ஒரு முனகல், நிமிர்கிறதுக்கு இரண்டு முனகல். ஆனால் வேலையில் சுத்தம். டிரையரை நடையிலிருந்து சமையலறை வாசல் பக்கமாக இழுத்துப்போட்டு, பின்மூடியைக் கழற்றி, சூடாக்குகிற கம்பியைச் சோதித்தார். பஞ்சையெல்லாம் பிரஷால் தட்டிவிட்டார். சூடு அதிகமானால் மெஷினை நிறுத்திவிடுகிற சின்ன விசையையும் பார்த்தார். சுவர் பிளக்கில் நேரடியாகத்தானே மாட்டுகிறீர்கள், இடையில் ஒயர் நீட்டவில்லையே என்று கேட்டார். குழாய் அடைப்பு இல்லாமல் நேராகத்தானே இருக்கிறது என்றும் கேட்டார். நானே கழற்றித் தட்டி மாட்டினேன், கோல் மாதிரி நேராக இருக்கிறது என்று அவள் அடித்துச் சொன்னாள். பொய் இல்லை. அவள் பார்த்தபோது அது நேராகத்தான் இருந்தது.

ஈர விரிப்பைப் போட்டு ஓட்டினார்கள். அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது. ஆற வைத்துத் தொட்டார்கள், அப்போதும் காய்ந்துதான் இருந்தது. மெக்கானிக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளே பழையபடி ஈரம்.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி இழுத்துப் போட்டார், ஓட்டினார், காய்ந்தது. மெக்கானிக் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி நின்றுபோகிற பிள்ளை மாதிரி இருக்கிறதே உங்கள் மெஷின், என் மூஞ்சியைப் பார்த்தால் பயப்படுகிறதோ என்றார். வேன்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற அந்த வயிற்றுவலியை அவள் தினம் பார்க்கிறவள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையம்மா, நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று அவர் ஆறுதலாகச் சொன்னது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வந்திருந்தாள். கேட்டுக்கொண்டு நின்றவள், மெக்கானிக் போனதும் இவள் தோளில் கை வைத்தாள்.

"உன்னால முடியலைம்மா. முடியலைன்னு ஒத்துக்கிறதுல கேவலம் ஒன்னும் இல்லை."

"மெஷினாலதான் முடியலை, அண்ணி. என்னால முடியும்."

"மெஷின் நல்லா இருக்குன்னு அந்த ஆளே சொல்லிட்டுப் போறாரே. நீ அலுத்துப்போய்க் கிடக்கிற. காயுறதுக்கு முன்னாடியே எடுத்து விரிச்சுடுற. அதுதான் நடக்குது."

வேன்காரம்மா தோளைக் குலுக்கி அந்தக் கையை எடுத்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் பயம் புகுந்துவிட்டது. உண்மையிலேயே அலுப்பில் பாதியில் எடுத்துவிடுகிறேனோ? நாளைக்கு வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் இப்படித்தான் ஒன்று கிடக்க ஒன்று செய்வேனோ? அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கை பொய் சொல்லாது, என்னவர் கையும் பொய் சொல்லாது, நடுவில் வேறு என்னவோ இருக்கிறது என்று நிமிர்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பியபோது டிரையரில் ஒரு விரிப்பைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். வேன் நிற்பது அந்தப் பக்கத்துச் சந்தில்தான். முன்பெல்லாம் டிரையர் ஓடும்போது சுவரிலிருந்து வருகிற ஆவியில் வேனின் ஒரு பக்கக் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். அதைத் துடைத்துவிட்டுக் கிளம்புவது தினப்படி எரிச்சல். கொஞ்ச நாளாகக் கண்ணாடி வேர்ப்பதே இல்லை. அதற்காக அவள் ஒரு தடவை கடவுளுக்கு நன்றி கூடச் சொல்லியிருந்தாள். இன்றைக்கும் கண்ணாடி தெளிவாக இருந்தது. சாவியைப் போடப் போனவள் கை அப்படியே நின்றது.

இறங்கிச் சுவரோரம் போனாள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஓட்டையின் மூடி கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காற்றே இல்லை. எரிகிற அடுப்புக்குப் புகைபோக்கியை அடைத்தால் எப்படி இருக்கும்? ஈரம் போக வழியில்லாமல் துணியோடு துணியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சூடும் போக வழியில்லாமல் மெஷின் கொதித்து, பாதியில் தானே சூட்டை நிறுத்திக்கொள்கிறது.

உள்ளே ஓடினாள். பின்னால் எட்டிப் பார்க்க டிரையரை இழுத்தாள். குழாய் கோல் மாதிரி நேராக இருந்தது. வெளியே ஓடினாள், மூடி படபடவென்று அடித்துக்கொண்டு ஆவி கக்கியது. மறுபடி உள்ளே வந்து, டிரையரை எப்போதும் நிற்கிற இடத்துக்கு இடுப்பால் ஓர் இடி இடித்துத் தள்ளினாள். வெளியே போய்ப் பார்த்தாள். மூடி செத்துப்போயிருந்தது.

அந்த இடுப்பு இடிதான். அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு அது. மாஸ்டருக்குச் சக்கர நாற்காலி வந்த நாளில் நடையில் அது போகவில்லை. டிரையர் ஒரு சாண் துருத்திக்கொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் கை வைக்க விடமாட்டார். ஆள் வைத்து அதை மாற்று இதை மாற்று என்று எல்லாரும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் இடுப்பால் ஒரே இடி இடித்து டிரையரைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டு, நாற்காலியை வழுக்கிக்கொண்டு தள்ளிப்போனாள். பார்த்தீர்களா என்று பெருமை வேறு. அன்றிலிருந்து அவரைக் குளியலறைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஓர் இடி. பின்னால் மெல்லிய வெள்ளித்தாள் குழாய் அப்பளமாக நசுங்குவதை யார் கண்டது? பார்ப்பதற்காக மெஷினை இழுத்தால் குழாயும் நிமிர்ந்துகொள்ளும். மெக்கானிக் இழுத்தபோதும் அதுதான் நடந்தது. சக்கர நாற்காலி ஒன்று அந்த நடையில் போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வந்த இரண்டு தடவையும் மாஸ்டர் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தான் போட்ட வழிதான் குற்றவாளி என்று அவளுக்கும் தோன்றவில்லை. அவரவர் சாமர்த்தியத்தின் மேல் அவரவருக்குச் சந்தேகம் வருமா?

வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது கடவுளிடம் சண்டை போட்டாள். கண்ணாடி வேர்க்கவில்லை என்று உனக்கு நன்றி சொன்னேனே, அப்போதே இதுதான் சங்கதி என்று ஒரு வார்த்தை காதில் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும், சரி, இன்றைக்காவது காட்டினாயே என்று சமாதானமாகிவிட்டாள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தீர்வு தெரியவில்லை. டிரையரை முன்னால் நகர்த்தினால் நாற்காலி போகாது. பின்னால் தள்ளினால் துணி காயாது. துணி போடும்போது இழுப்பது, அவருக்கு அவசரம் வரும்போது தள்ளுவது என்று ஒப்பேற்றிப் பார்த்தாள். அவருக்கு அவசரம் வருவது மணி அடித்துவிட்டா வரும்? முதுகு விட்டுப்போனது. மடங்கி மடங்கி நிமிர்ந்த குழாய் ஓர் இடத்தில் கிழிந்து, ஈரக் காற்றும் பஞ்சும் நடை முழுக்கப் பரவின. மூன்றாவது தடவையாக மெக்கானிக் வந்தார். அவளைப் பார்த்து ஓய்வெடுக்கச் சொன்னதற்கு வருத்தப்பட்டார், காற்று வெளியே வருகிறதா என்று சந்துக்குப் போய்ப் பார்க்காதது என் தப்புத்தான் என்றார். கெட்டியான குழாய் போட்டால் நசுங்காது, ஆனால் அதற்கு இன்னும் இடம் வேண்டும் என்று கையை அகலமாக விரித்துக் காட்டினார்.

வேன்காரம்மா நடையின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். சுவர் நகராது. ஓட்டை நகராது. மெஷின் நகரக் கூடாது. அப்புறம் என்ன மிச்சம்? பின்னறையில் படுத்திருக்கிற மனுஷர். அவர் முன்னறையில் இருந்தால் குளியலறைக்குச் சமையலறை வழியாகப் போய்விடலாம், இந்த நடைக்கு நாற்காலி வரவே வேண்டாம். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தாள். நோயாளி என்றால் உள்ளே, மறைவில் என்று அண்ணி சொன்னதை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை, அதுதான்.

பின்னறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வேன் வாங்குறேன்னதும் தெருவே சிரிச்சுதுங்க. உங்க அக்காவும் சிரிச்சாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. ராவும் பகலுமா உக்காந்து எனக்குக் காலர் வச்சு ஒரு சட்டை தைச்சுக் கொடுத்தீங்க. அதைச் சேலைக்கு மேல மாட்டிக்கிட்டுத்தான் நான் முதல் நாள் வண்டி ஏறினேன். அன்னிக்கு நான் வெட்கப்பட்டிருந்தா இன்னிக்கு இந்த வீட்ல அடுப்பு எரியுமா? பாக்கிறவங்க பாக்கட்டும். நீங்க ஒன்னும் திருடிட்டு வந்து ஒளிஞ்சுக்கலை."

அவர் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பி அவளைப் பார்த்தார். வேணாம் என்று மறுபடி சொல்லவில்லை. அது போதும் அவளுக்கு.

வெட்டுகிற மேசையைத் தூக்க ஆள் வேண்டும். நான் மெஷின் பார்க்க வந்தவன், மேசை தூக்க வரவில்லை என்று மெக்கானிக் முனகினார். முனகிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார். மேசை பின்னறைக்குப் போனது, கட்டில் முன்னறைக்கு வந்தது, பெரிய ஜன்னலுக்குக் கீழே. தையல் மெஷினை மட்டும் அவள் மூலையிலிருந்து நகர்த்தவில்லை. டிரையரை நன்றாக முன்னால் இழுத்துவைத்துக் கெட்டிக் குழாய் மாட்டினார்கள். முதல் விரிப்பு ஓடி முடிவதற்குள் சந்தில் வேன் கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. அவள் அதைத் துடைக்கப் போகவில்லை. சன்னதியில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தாள்.

முன்னறைக்கு வந்த முதல் நாள் முழுக்க மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே தூங்குகிற மாதிரி மூடிக்கொள்வார். வேன்காரம்மா ஜன்னல் திரையைப் போடவில்லை. தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். மறுநாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாஸ்டர், நீங்கள் தைத்த பேண்ட் இன்னும் கிழியவில்லை, நான்தான் அதைவிட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறேன் என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார். மாஸ்டரின் இடது பக்க உதடு மேலே போனது. ஒரு கண் வழியாக அவர் அந்த இடுப்பை அளவெடுப்பதைச் சமையலறையிலிருந்து பார்த்த வேன்காரம்மா, கரண்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மத்தியான வேன் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கை ஆட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் இடது கையை அரைச்சாண் தூக்குவார்.

மாத முடிவும் வந்தது, காரும் வந்தது. நாத்தனார் இறங்கி வாசலில் நின்றவள், ஜன்னலுக்குள் தம்பி படுத்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். உள்ளே வந்து, இதென்ன கூத்து, என் தம்பியைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். கோபம் பாதி, அழுகை பாதி. காலையில் வந்த நர்ஸம்மா சிவப்பு இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனதை வேன்காரம்மா சொன்னாள். குழாய் நசுங்கினதையும், நசுக்கினது தன் இடுப்புத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நாத்தனார் காதில் பாதிதான் ஏறியது. அவள் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். அங்கே நல்ல காற்றுடா, மரமெல்லாம் இருக்கு, நாலு பேர் மாத்தி மாத்திப் பாத்துப்பாங்க என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

மாஸ்டர் அக்காவின் கையைப் பிடித்தார். இழுத்துத் தன் இடுப்போரம் விரிப்பின் மேல் வைத்து அழுத்தினார். அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். துணியின் சூடு எப்போதோ ஆறிவிட்டது. அந்தக் கைக்குக் கீழே அது வெள்ளைக் காகிதம் மாதிரி மொடமொடவென்று கிடந்தது.

"நீ... போக்கா," என்றார்.

விழுந்ததற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அக்கா என்ற வார்த்தை வந்ததே இல்லை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. போக்கா என்று விரட்டுகிறான் பாரு, இவனை நான் தூக்கி வளர்த்ததுக்கு என்று முணுமுணுத்தாள். எழுந்துபோய்க் கார்க்காரனிடம் என்னவோ சொல்லி அனுப்பினாள். கார் போனது.

திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே என்பது மாதிரி நின்றாள்.

"அந்த இடத்தைச் சொல்லித்தான் வச்சிருக்கேன், கேட்டுக்கோ. நான் சொல்லாம கொள்ளாம வருவேன். ஒரு முனை ஈரமா இருந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

நடையில் டிரையர் மணி அடித்தது. வேன்காரம்மா போய்ச் சுடச்சுட ஒரு விரிப்பை வாரிக்கொண்டு வந்தாள். அதன் இரண்டு முனைகளை நாத்தனார் கையில் திணித்துவிட்டு, மற்ற இரண்டு முனைகளோடு பின்னால் நடந்து விரிப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள்.

"வாங்க அண்ணி. தினமும் வேணாலும் வாங்க. இப்படி நாலு முனையையும் தொட்டுப் பாத்துட்டுப் போங்க."